கினிப்பன்றிக்கு ஒளிக்க ஓரிடம்

கம்பிக்கூட்டின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு, அசையாமல் நிற்கும் கினிப்பன்றியைப் பார்த்து "என்ன சாது!" என்று சொல்லாதவர் குறைவு. உண்மையில் அது பயத்தில் உறைந்து நிற்கிறது. ஓடவும் இடமில்லை, ஒளிக்கவும் இடமில்லை என்றால் ஓர் இரை விலங்கு வேறென்ன செய்யும்? யாழ்ப்பாணத்து வீடுகளில் முன்பு லவ் பேர்ட்ஸோ முயலோ இருந்த கூடுதான் பெரும்பாலும் கினிப்பன்றிக்கும் வாய்க்கிறது. நாலு பக்கமும் கம்பி, அடியிலும் கம்பி, உள்ளே ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு கிண்ணம். பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் நின்றும் பார்க்கலாம் என்பதற்காகவே அந்தக் கூட்டை வாங்குகிறோம். உள்ளே இருப்பதற்கு அதுதான் நரகம்.

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலை மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காகப் பழக்கிய பிராணி இது. இதன் காட்டு உறவுகள் உயர்ந்த புல்லுக்குள் ஓடுபாதை அமைத்துக் கூட்டமாக வாழ்கின்றன. கினிப்பன்றிக்கு மரம் ஏறத் தெரியாது, கடித்துச் சண்டைபிடித்துத் தப்பத் தெரியாது. ஆபத்து என்றால் ஓடி மறைவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. சுவிஸில் இருக்கும் சொந்தக்காரரின் பிள்ளைகள் கினிப்பன்றி வளர்த்தால் கேட்டுப் பாருங்கள். அந்த நாட்டின் 2008 ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது. ஒளித்திருக்க இடமும், எந்நேரமும் கொறிக்கப் புல்லும், இரண்டுக்குக் குறைந்தது அரைச் சதுர மீற்றர் தரையும் கொடுத்தாக வேண்டும். நமக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் பிராணி அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். சொல்லப்போனால் இங்கே மறைவிடம் இன்னும் அவசியம். காரணம் வெயில்.

கினிப்பன்றிக்குச் சுகமான வெப்பநிலை 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை. 28ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் பெரும்பகுதி பகல் வெப்பம் அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த கூடு மத்தியானம் அடுப்புத்தான். வியர்வை சுரந்து உடம்பைக் குளிர்விக்க இந்தப் பிராணியால் முடியாது. நிழலைத் தேடிப் போய்ப் படுப்பது ஒன்றே வழி. அந்த நிழல் கூட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதற்குக் கடைப் பொருள் எதுவும் தேவையில்லை. பழைய ஓலைக் கடகம் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் ஐந்து அங்குல அகலத்தில் இரண்டு வாசல் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு பிரியாமல் பனை நாரால் நாலு தையல் போட்டால் போதும். ஓலையின் இடுக்கால் காற்று வரும், கண் கூசும் வெளிச்சம் வராது. அதைக் கொறித்தாலும் கேடில்லை. கொறிக்கத்தான் செய்யும், ஏனென்றால் அதன் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. சாயம் போட்ட பெட்டி மட்டும் வேண்டாம். சலம் ஊறி அடி விளிம்பு சில கிழமைகளில் இற்றுவிடும். அப்போது வாழையடியில் போட்டுவிட்டு இன்னொன்று வைக்கலாம்.

வாசல் இரண்டு என்று சொன்னது அழகுக்காக அல்ல. இரண்டு கினிப்பன்றி இருந்தால் அதில் ஒன்று பெரியதனம் காட்டும். ஒற்றை வாசல் பெட்டிக்குள் போன சின்னதை அது வாசலில் நின்று மறிக்கும். உள்ளே இருப்பது கடி வாங்கும், இல்லாவிட்டால் பட்டினி கிடக்கும். ஆளுக்கொரு மறைவிடம், மேலதிகமாக இன்னொன்று என்பதே பாதுகாப்பான கணக்கு. அடி உடைந்த, வாய் அகன்ற மண்பானை ஒன்று இருந்தால் விளிம்புகளை அராவிச் சரித்துப் போடுங்கள். இரு பக்கமும் திறந்த குளிர்ச்சியான குகை அது. மத்தியானம் அதன் மேல் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டால் இன்னும் நல்லது. நாலு அங்குல பிவிசி பைப்பைத் தவிர்க்கவும். ஒரு கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய பிராணி நடுவில் சிக்கிக்கொள்ளும்.

இனித் தட்டு. மூன்று மாடி வைத்துக் கட்டிய முயல் கூட்டில் கினிப்பன்றியை விடுவது மோசமான யோசனை. கனத்த உடம்பு, மெல்லிய கால், உயரத்தைச் சரியாக அளக்காத கண். ஓரடி உயரத்திலிருந்து விழுந்தாலே கால் முறியலாம், முன்பல் உடையலாம். தட்டு வேண்டுமென்றால் ஆறு அல்லது எட்டு அங்குல உயரத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் கம்பியில் அல்ல, பலகையில். ஓரத்தில் இரண்டு அங்குல வரம்பு, ஏற நல்லாய்ச் சரிந்த அகலமான பலகை, அதில் சறுக்காமலிருக்க ஒரு துண்டுச் சாக்கு. மேலே ஏறி உட்காருவதைவிட அந்தத் தட்டின் கீழே இருக்கும் இருட்டைத்தான் அது விரும்பும். கூட்டின் அளவைச் சொல்லும்போது தட்டைச் சேர்க்கக் கூடாது. இரண்டு கினிப்பன்றிக்கு நாலடிக்கு இரண்டடி வெறும் தரை வேண்டும். கூடு விற்பவர்கள் மாடியையும் சேர்த்துப் பெருக்கித்தான் "பெரிய கூடு" என்பார்கள்.

அடிக்கம்பி இன்னொரு வில்லங்கம். கினிப்பன்றியின் பாதத்தில் மயிர் இல்லை. கம்பியில் நாள்முழுக்க நின்றால் தோல் உரிந்து, கிருமி ஏறி, பாதம் வீங்கிப் புண்ணாகும். எலும்புவரை போனால் மீட்பது கடினம். தட்டையான பலகை போட்டு அதன்மேல் காய்ந்த புல்லையோ வைக்கோலையோ பரப்புங்கள். தச்சுப்பட்டறையில் அள்ளிவரும் மரத்தூள் வேண்டாம். அதன் பொடி மூச்சில் போகும். கறையான் மருந்தடித்த மரமா என்பதும் நமக்குத் தெரியாது.

வளவில் கூடு வைப்பவர்கள் சாரை, நாகம், கீரி, மரநாய், தெருநாய் எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் கட்ட வேண்டும். அறுகோணக் கோழிவலையை நாய் இழுத்துப் பிய்த்துவிடும். அரை அங்குலக் கட்டமுள்ள பற்றவைத்த வலைதான் பாம்புக்கும் நாய்க்கும் தாக்குப்பிடிக்கும். கூட்டை ஒன்றரை அடி உயரக் காலில் நிறுத்தினால் மாரி வெள்ளத்துக்கும் தப்பும். இவற்றைவிட மனிதருக்கு ஆபத்தானது எலி. கூட்டுக்குக் கீழே சிந்தும் தீனிக்கு எலி வரும், எலியின் சலம் ஈரமண்ணில் கலக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை நாம் இன்னும் மறந்திருக்க மாட்டோம். கூடு கழுவும்போது செருப்பும் கையுறையும் போடுங்கள், பிள்ளைகளை வெறுங்காலுடன் அனுப்பாதீர்கள். புல்லைத் தவிர மிச்சத் தீனியை இரவில் விட்டுவைக்காதீர்கள்.

மறைவிடத்துக்கும் ஒரு தீங்கு உண்டு. நோயை அது மறைத்துவிடும். இரை விலங்கு தன் பலவீனத்தை வெளிக்காட்டாது. கடகத்துக்குள் படுத்திருப்பது தூங்குகிறதா சாகக் கிடக்கிறதா என்று வெளியே நின்று சொல்ல முடியாது. ஆகவே எந்த மறைவிடமும் சட்டென்று தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கிழமைக்கொரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். நிறை தொடர்ந்து குறைந்தாலோ, அரை நாளுக்கு மேல் எதையும் தின்னாவிட்டாலோ அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் போங்கள். வெயிலில் வாய் திறந்து இளைத்து, பின்கால் துவண்டு கிடந்தால் நிழலுக்குத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் துடையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. வீட்டில் மிஞ்சிய மனிதருக்கான அன்ரிபயோற்றிக்கை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அமொக்சிசிலின் போன்றவை அதன் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று சில நாளில் ஆளையே முடித்துவிடும்.

விற்றமின் சியைத் தன் உடம்பில் தயாரிக்க முடியாத சில பிராணிகளில் இதுவும் ஒன்று, நம்மைப்போல. நோர்வேயின் அக்சல் ஹோல்ஸ்ற், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் 1907 இல் தானியம் மட்டும் கொடுத்துக் கினிப்பன்றிக்கு ஸ்கேவி நோயை வரவழைத்துக் காட்டினார்கள். விற்றமின் சியைக் கண்டுபிடிக்க வழிவிட்ட ஆய்வு அது. கோழித்தீனியும் அரிசியும் போட்டு வளர்ப்பவர்கள் அதே ஆய்வை வீட்டில் செய்கிறார்கள். தினமும் ஒரு துண்டு கொய்யாப்பழம் போதும். அறுகும், மாட்டுக்கு வளர்க்கும் கோ-3 புல்லும் வயிறு நிறையக் கிடைக்க வேண்டும். சந்தைக் கீரையை நன்றாகக் கழுவாமல் போடாதீர்கள். தோட்டத்தில் அடித்த மருந்து இந்தச் சின்ன உடம்புக்குப் பெரிய அளவு.

வாங்கும்போது ஏமாறாமலிருக்க ஒரு பற்றுச்சீட்டு உதவும். "இரண்டும் பெட்டை" என்று சொல்லி விற்றதில் ஒன்று கடுவனாக இருப்பது சாதாரணம். சினைக்காலம் ஏறத்தாழ 59 முதல் 72 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினைப்படும். ஆறேழு மாதம் கடந்து முதல்முறை சினைப்பட்டால் இடுப்பெலும்பு விரியாமல் தாயே சாகலாம். எனவே "இரண்டு பெட்டை, வயது இவ்வளவு, சுகமானவை" என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கடைக்காரர் மசியாவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977.

கடையிலோ அயலிலோ நிழலும் தண்ணீருமின்றிப் பிராணிகளைக் கூட்டில் அடைத்திருப்பதைக் கண்டால்? அதற்கும் சட்டம் உண்டு: விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அடிப்பது மட்டும் குற்றமில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுத் தேவையற்ற வேதனை உண்டாக்குவதும், பட்டினியால் வதைபடும் பிராணியை விற்பனைக்கு வைப்பதும் அதில் குற்றம். கூட்டில் அடைத்த, வீட்டில் வளர்க்கும் எந்தப் பிராணியும் அதற்குள் வரும். அதில் எழுதிய அபராதம்தான் கூடியது 100 ரூபா. இன்றைக்கு ஒரு ரீயும் வடையும் குடித்துத் தின்ன அது காணாது. மூன்று மாதம் வரை சிறை விதிக்கவும் இடமிருக்கிறது என்பதுதான் அதிலிருக்கும் கொஞ்சநஞ்சப் பல். சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு வரைவு தயாரித்தது. அதன் பிறகும் ஆண்டுகள் பல ஓடின. பழைய சட்டத்தை வைத்துத்தான் பொலிஸ் வழக்குப் போட்டது.

முதலில் கடைக்காரரிடம் நேரே பேசிப் பாருங்கள். கூட்டுக்குள் ஒரு காட்போட் பெட்டியைக் கவிழ்த்து வைக்கச் சொன்னால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள், அதற்குச் செலவுமில்லை. மறுத்தால் திகதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் போகலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். பொலிஸ்காரர் பலருக்கு அது கைக்கு வந்திராத சட்டம். பதிவு இலக்கத்தை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.