குண்டு போட்டாலும் இடியாத கூரை! கோட்டைக்குள் 340 வருஷம் தாண்டி நிற்கும் சர்ச். வெளியே இடிபட்ட கோவிலை மீட்ட மணலிக்காரர்

மணலி, திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்தில் இருந்து பாரிமுனைக்கு தினமும் ஆயிரக்கணக்கான பேர் பஸ்சில் போய் வருகிறார்கள். கொஞ்சம் தள்ளி தலைமைச் செயலகம் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளை நிறத்தில் ஒரு சர்ச் கோபுரம் நிற்கிறது. அதுதான் செயின்ட் மேரி சர்ச். சூயஸ் கால்வாய்க்கு கிழக்கே இன்று இருக்கும் ஆங்கிலிகன் சர்ச்சுகளில் இதுதான் மிகப் பழையது.

சர்ச் உருவான விவரம் வருமாறு:-

1640-ம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் இங்கே கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் சாமி கும்பிட தனி இடம் இல்லை. கிட்டத்தட்ட 40 வருஷம் கோட்டையின் சாப்பாட்டு ஹாலில்தான் ஜெபம் நடந்தது. கவர்னராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் இதை மாற்ற நினைத்தார். கிழக்கிந்திய கம்பெனி பணம் தரவில்லை. கோட்டையில் இருந்தவர்களிடமே வசூல் செய்தார்கள். சேர்ந்த தொகை 805 பகோடா. பகோடா என்பது அந்தக் காலத்து தங்க நாணயம். 1678-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி வேலை தொடங்கியது. 1680-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி சர்ச் திறக்கப்பட்டது.

பிளான் போட்டது பீரங்கிக்காரர்

இந்த சர்ச்சுக்கு பிளான் போட்டது கோட்டையின் பீரங்கிப் பிரிவு தலைவர் ஒருவர் என்று சொல்கிறார்கள். கட்டடத்தைப் பார்த்தாலே அது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். வெளிச்சுவர் 4 அடி கனம். கூரை 2 அடி கனம்.

கொத்தனார் வேலை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்தக் கால மெட்ராஸ் வீடுகளில் தேக்கு உத்திரம் போட்டு, மேலே செங்கல் அடுக்கி தளம் போடுவார்கள். குண்டு விழுந்தால் உத்திரம் முறியும், தீப்பிடிக்கும், தளம் மொத்தமும் தலையில் இறங்கும். இந்த சர்ச் கூரையில் உத்திரமே கிடையாது. பீப்பாயை நீளவாக்கில் பாதியாக வெட்டி கவிழ்த்த மாதிரி 3 செங்கல் வளைவுகள். செங்கலும் சுண்ணாம்பும் மட்டும்தான். மேலே விழும் பாரம் வளைவு வழியாக பக்கத்து சுவருக்கு இறங்கிவிடும். சுவர் அவ்வளவு கனமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். எரிய மரம் இல்லை, கரையான் அரிக்கவும் வழி இல்லை.

கோபுரம் பிற்பாடு வந்தது. 1701-ல் கோபுரமும், 1710-ல் அதற்கு மேல் கூர்முனையும் கட்டினார்கள்.

பிரெஞ்சு முற்றுகை

கூரைக்கு சோதனை 1758-ம் ஆண்டு டிசம்பரில் வந்தது. பிரெஞ்சு தளபதி லாலி படையோடு வந்து கோட்டையை வளைத்தார். 2 மாசத்துக்கு மேல் குண்டு மழை. கோட்டைக்குள் பல கட்டடங்கள் சேதம் அடைந்தன. சர்ச்சின் வளைவு கூரை தாங்கி நின்றது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேய கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகுதான் லாலி பின்வாங்கினார். போர்க்காலங்களில் இந்த சர்ச் தானியக் கிடங்காகவும் இருந்திருக்கிறது.

சர்ச் வாசலில் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களுக்கு அடியில் யாரும் இல்லை! ஏன் தெரியுமா? பழைய சட்டக்கல்லூரி வளாகம் இருக்கும் இடம்தான் அன்றைக்கு வெள்ளைக்காரர்களின் இடுகாடு. அங்கிருந்த கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்துதான் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டார்கள். மறுபடி அப்படி நடக்கக்கூடாது என்று கற்களை மட்டும் பெயர்த்து இங்கே கொண்டு வந்து பதித்தார்கள். அதில் 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல்லும் இருக்கிறது. இந்தியாவில் உள்ள மிகப் பழைய ஆங்கிலேயர் கல்லறைக்கல் இது என்று கருதப்படுகிறது.

மணலிக்காரர் கட்டிய கோவில்

கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு 4 அடி சுவர் இருந்தது. வெளியே கருப்பர் நகரத்தில் இருந்த நம்ம ஜனங்களுக்கு என்ன இருந்தது? எதிரி ஒளிய இடம் கொடுக்கக்கூடாது என்று கோட்டையை ஒட்டி இருந்த வீடு, தெரு எல்லாம் இடிக்கப்பட்டது. இன்று ஐகோர்ட்டு இருக்கும் இடத்தில் இருந்த பழைய சென்னகேசவ பெருமாள் கோவிலும் 1757-ல் தரைமட்டம் ஆனது.

அந்தக் கோவிலை மறுபடி எழுப்பியவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கவர்னர் பிகட்டுக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் ஏஜெண்டாகவும் இருந்தவர். கம்பெனி மாற்று இடம் கொடுத்தது. முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டார், ஊரிலும் வசூல் ஆனது. பூக்கடை தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் அடுத்தடுத்து கோவில்கள் எழும்பின. ராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவரும் இவர்தான்.

ஏல் முதல் கிளைவ் வரை

சர்ச் திறந்த சில நாளில், 1680 நவம்பர் 4-ந் தேதி, அங்கே முதல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எலிஹு ஏல். பிற்பாடு சென்னை கவர்னர் ஆனவர். அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பேர்தான். 1753-ல் ராபர்ட் கிளைவ் கல்யாணமும் இங்கேதான். கவர்னர் தாமஸ் மன்றோ உடலும் இந்த சர்ச்சில்தான் புதைக்கப்பட்டுள்ளது. 1715-ல் இந்த சர்ச் பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பள்ளி.

1947-ல் தென்னிந்திய திருச்சபை உருவான பிறகு, செயின்ட் மேரி சர்ச்சும் சி.எஸ்.ஐ. வசம் வந்தது.

கோட்டை சர்ச்சில் இருந்து பூக்கடை கோவிலுக்கு நடந்தே போய்விடலாம். ஒன்று குண்டுக்குத் தப்பி நின்றது. இன்னொன்று இடிபட்டு மறுபடி எழுந்தது. இரண்டுமே ஜனங்கள் கைக்காசு போட்டு கட்டியவைதான். அடுத்த தடவை பாரிமுனையில் பஸ்சை விட்டு இறங்கும்போது, ஒரு மணி நேரம் ஒதுக்கி இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம்.