வழியும் தொட்டி: லிட்டர் கணக்கும் யூனிட் கணக்கும்

1 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார், மொத்த ஏற்றம் 60 மீட்டர், பம்பின் செயல்திறன் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாடித் தொட்டிக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் தண்ணீர் ஏறும். 1,000 லிட்டர் தொட்டி 33 நிமிடத்தில் நிரம்பும். கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டில் மோட்டாரை நிறுத்த 10 நிமிடம் தாமதமானால் 300 லிட்டர் வீண். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் இது 5 பேரின் பங்கு போக 25 லிட்டர் மிச்சம். கல்வராயன் மலைப் பக்கம் ஆழ்துளையில் ஏற்றம் 120 மீட்டரானால், அதே மோட்டார் நிமிடத்துக்கு 15 லிட்டர்தான் தரும். வழிவது பாதியாகும், வழியும் ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரம் இருமடங்கு.

இந்த மோட்டார் மணிக்கு சுமார் 1 யூனிட் இழுக்கும். தினம் 10 நிமிடம் வீதம் 60 நாளில் 10 யூனிட், 18,000 லிட்டர். 2022 செப்டம்பர் கட்டணப்படி இரு மாதத்துக்கு 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு அந்த 10 யூனிட்டின் விலை 45 ரூபாய். யாரும் கவலைப்படாத தொகை. 500 யூனிட்டில் நிற்கும் வீட்டின் கதை வேறு: 500-க்கு 1,725 ரூபாய், 510-க்கு 2,030 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் சலுகை குறைவதால், அதே 10 யூனிட்டுக்கு 305 ரூபாய். இவை 2022-இன் தொகைகள்; 2024 ஜூலையில் கட்டணம் சராசரியாக 4.83 சதவீதம் உயர்ந்தது.

கள்ளக்குறிச்சிப் பகுதியின் கோமுகி அணையோடு ஒப்பிட்டால், அதன் கொள்ளளவு 56 கோடி கன அடி, அதாவது சுமார் 1,586 கோடி லிட்டர். 1,000 வீடுகள் தினம் 300 லிட்டர் வழியவிட்டால் ஆண்டுக்கு 10.95 கோடி லிட்டர், அணையில் 0.69 சதவீதம். அணை நீர் பாசனத்துக்கானது, ஆகவே இது அளவைக் காட்டும் ஒப்பீடு மட்டுமே.

மோட்டார் ஓடாதபோதும் தொட்டி வழிந்தால், நகராட்சி இணைப்பின் பால் வால்வைப் பார்க்க வேண்டும். வழியும் குழாயின் கீழ் 1 லிட்டர் பாத்திரம் 2 நிமிடத்தில் நிரம்பினால், குழாயில் தண்ணீர் வரும் ஒவ்வொரு மணிக்கும் 30 லிட்டர் இழப்பு. மிதவையைக் கையால் தூக்கினால் நீர் நிற்கிறதா? நின்றால் வால்வு சரி. கம்பியைக் கீழே வளைத்தால் போதும், அல்லது மிதவை ஓட்டையாகி உள்ளே நீர் புகுந்திருக்கும். நிற்காவிட்டால் வாஷர் தேய்ந்திருக்கும். மோட்டார் குழாயில் பால் வால்வு வைப்பது தவறு: வால்வு மூடியபின்னும் மோட்டார் ஓடிச் சூடேறும். அங்கே மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச்தான் தேவை.

வழியும் குழாயின் விட்டத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. நீர்மட்டம் குழாயின் மையத்துக்கு 5 செ.மீ. மேலே நின்றால், 25 மி.மீ. குழாய் நிமிடத்துக்குச் சுமார் 17 லிட்டர்தான் கடத்தும். உள்ளே வருவது 30. மீதி 13 லிட்டர் மூடி வழியாகச் சுவரில் இறங்கும். 40 மி.மீ. குழாய் அதே நிலையில் 45 லிட்டர் கடத்தும்.