ஸ்டென்ட் விலை: பூச்சுக்குள் புதைந்திருக்கும் விவாதம்

மைசூரில் கர்நாடக அரசின் ஜெயதேவா இதய நோய் மருத்துவமனையை நாடி மண்டியா, சாமராஜநகர், குடகு மாவட்டங்களில் இருந்தும் ஏழை நோயாளிகள் வருகின்றனர். ரத்தக்குழாய் அடைப்பை நீக்கிய பின் அவர்களுக்குப் பொருத்தப்படும் ஸ்டென்ட், சிறிய உலோக வலைக்குழாய். அதன் மீதுள்ள மெல்லிய பாலிமர் பூச்சும், அதில் அடங்கிய மருந்துமே விலையைத் தீர்மானிக்கின்றன.

அன்னியப் பொருள் எதுவாயினும், ரத்தம் பட்டவுடன் அதன் மீது புரதங்கள் படிகின்றன, தட்டணுக்கள் ஒட்டுகின்றன, ரத்தம் உறைகிறது. மருந்துப் பூச்சு ஸ்டென்ட்டுக்கு அமெரிக்கா 2003-ல் அனுமதி அளித்தது. குழாய் மீண்டும் சுருங்குவது குறைந்தாலும், காலம் கடந்து ரத்தக் கட்டி உருவாகும் அபாயம் குறித்து 2006-ல் கவலை எழுந்தது. பழைய பாலிமர் மீதும் சந்தேகம் விழுந்தது. அதன்பின் ரத்தத்துக்கு ஒவ்வும் பாலிமர்களும், உடலிலேயே கரையும் பாலிமர்களும் வந்தன. சிவப்பணுவின் மேலுறையைப் போன்ற தன்மை கொண்ட பூச்சும் அவற்றில் ஒன்று.

விலை உச்சவரம்பு

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், பூச்சற்ற ஸ்டென்ட்டுக்கு ரூ.7,260, மருந்துப் பூச்சு ஸ்டென்ட்டுக்கு ரூ.29,600 என உச்சவரம்பு விதித்தது. அதுவரை லட்ச ரூபாய்க்கும் மேல் செலவிட்ட குடும்பங்கள் நிம்மதி அடைந்தன. ஆனால், பழைய பூச்சுக்கும் புதிய பூச்சுக்கும் ஒரே விலையா என உற்பத்தியாளர்கள் கேட்டனர். பன்னாட்டு நிறுவனங்கள் சில, தங்களது உயர்ரக ஸ்டென்ட்டுகளை இந்தியச் சந்தையில் இருந்து விலக்கிக்கொள்ள அனுமதி கோரின. 2018-ல் விலை திருத்தப்பட்டபோதும் தனிப்பிரிவு ஏற்படுத்தப்படவில்லை.

இரு தரப்பு வாதங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. உச்சவரம்பைத் தளர்த்தினால் பாதிக்கப்படுபவர் ஏழை நோயாளி. சிறந்த பூச்சு சந்தைக்கு வராவிட்டாலும் பாதிக்கப்படுபவர் அவரே.

மாற்று வழி

இதற்கு விடை திருவனந்தபுரத்தில் உள்ளது. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், ரத்தப் பைகளையும் செயற்கை இதய வால்வையும் உருவாக்கித் தொழில் துறைக்கு வழங்கியது. 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட அந்த வால்வின் தட்டும் ஒரு பாலிமரே. அரசு நிதியில் பிறந்த தொழில்நுட்பம் என்பதால் இறக்குமதி வால்வுகளைவிடக் குறைந்த விலையில் கிடைத்தது.

ஜெயதேவா நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் டாக்டர் சி.என். மஞ்சுநாத், 2024 தேர்தலில் பெங்களூரு ஊரகத் தொகுதியில் இருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்டென்ட்டின் விலையையும் தரத்தையும் மருத்துவமனையில் நேரில் கண்டவர் அவர். விலையைக் கட்டுப்படுத்தும் அரசு, பூச்சு ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்ற கேள்வியை அவையில் எழுப்ப அவரைப் போன்றவர்களே பொருத்தமானவர்கள்.