ஆறாவது பிரிவு

எங்கே போர் மூண்டாலும் டீக்கடை பெஞ்சில் முதலில் வரும் கேள்வி, "இதுக்குப் பின்னாடி யாருங்க?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. பின்னால் யாராவது இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அமெரிக்கா என்றோ ரஷ்யா என்றோ சீனா என்றோ ஒரு பெயரைச் சொல்லிப் பேச்சை முடித்துவிட்டால், முன்னால் நின்று அடித்துக்கொண்டவர்கள் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பது தெரியாமலே போய்விடுகிறது. ராணுவக் கூட்டணி எப்படி வேலை செய்கிறது, வல்லரசுகளின் போட்டி ஒரு வட்டாரச் சண்டையை எப்படி ஊதிப் பெரிதாக்குகிறது என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது 1978-79இல் இந்தோசீனத்தில் நடந்ததை. இன்னொரு டீ சொல்லிவிடுங்கள், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை கம்போடியத் தலைநகர் நோம் பென்னைப் பிடித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 30 அன்று சைகோன் வடவியட்நாம் படையிடம் விழுந்தது. இரண்டு தரப்பும் கம்யூனிஸ்டுகள். இரண்டுக்கும் சீனா உதவியிருந்தது. அமெரிக்கா வெளியேறிவிட்டது, இனி அந்தப் பக்கம் அமைதி வரும் என்றுதான் உலகம் நினைத்தது. நான்கே ஆண்டுகளில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தது, சீனா வியட்நாமுக்குள் புகுந்தது. மூன்றும் செங்கொடி பறந்த நாடுகள். சுட்டவர்களில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர்கூட இல்லை.

உள்ளூர்த் தகராறிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதான். மெக்கோங் ஆறு கடலில் கலக்கும் வளமான கழிமுகப் பகுதி ஒரு காலத்தில் கம்போடியாவின் கெமர் அரசர்களின் கையில் இருந்தது. பல தலைமுறைகளுக்கு முன்பே வியட்நாமியர் வசம் போய்விட்டது. அந்த இழப்பை கெமர் ரூஜ் தலைவர் போல் பாட் மறக்கவில்லை, மற்றவர்களை மறக்க விடவுமில்லை. சைகோன் விழுந்த சில நாட்களிலேயே, 1975 மே மாதத்தில், கெமர் ரூஜ் படகுகள் வியட்நாமின் ஃபூ குவோக், தோ சூ தீவுகளைத் தாக்கின. தோ சூவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட சுமார் 500 பேர் திரும்பவே இல்லை. பிறகு எல்லைக் கிராமங்கள். 1978 ஏப்ரலில் ஆன் ஜியாங் மாகாணத்தின் பா சுக் கிராமத்தில், கோயில்களில் ஒளிந்திருந்தவர்களையும் விடாமல் 3,157 பேரைக் கொன்றார்கள். இன்று அங்குள்ள நினைவிடத்தில் மண்டையோடுகளை ஆண், பெண் என்றும் வயதுவாரியாகவும் பிரித்துக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கும் தனியாக ஒரு பகுதி உண்டு. இந்தப் போரை வல்லரசுகளின் பொம்மலாட்டம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பகுதிதான் நினைவுக்கு வருகிறது. பா சுக்குக்கு வந்தவர்களை மாஸ்கோவோ பெய்ஜிங்கோ அனுப்பவில்லை.

வியட்நாமும் சாது இல்லை. லாவோஸும் கம்போடியாவும் தன் அரவணைப்பில் இருப்பதே முறை என்று ஹனோய் எண்ணியது. 1977இல் லாவோஸுடன் 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அந்த ஆண்டின் கடைசியில் கம்போடியாவுக்குள் படையை அனுப்பி அடித்துவிட்டுத் திரும்பியது. அடுத்தது நாம்தான் என்று கெமர் ரூஜ் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பயத்தை அவர்கள் தங்கள் சொந்த மக்கள் மீதே திருப்பினார்கள் என்பது வேறு கொடுமை. 1978இல் கம்போடியாவின் கிழக்கு மண்டலத்து ஆட்களை, உடல் கெமர், மூளை வியட்நாம் என்று குற்றம் சாட்டிக் கொன்று குவித்தார்கள். அதிலிருந்து தப்பி எல்லை தாண்டி ஓடியவர்களில் ஒருவர் ஹெங் சம்ரின். பின்னாளில் வியட்நாம் அவரைத்தான் ஆட்சியில் அமர்த்தியது.

இனி மேல்தட்டுக்கு வருவோம். சீனாவும் சோவியத் யூனியனும் 1950 பிப்ரவரி 14 அன்று 30 ஆண்டு நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டவை. பத்தே ஆண்டுகளில் உறவு கசந்து, 1960இல் சோவியத் நிபுணர்கள் சீனாவிலிருந்து மூட்டை கட்டினார்கள். 1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவு ஒன்றில் இரு படைகளும் நேருக்கு நேர் சுட்டுக்கொண்டன. எழுபதுகளில் சீன எல்லை நெடுக நாற்பதுக்கும் மேற்பட்ட சோவியத் டிவிஷன்கள் நின்றன. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போனதற்கு அடிப்படை இந்தப் பிளவு. சீனாவின் முதல் எதிரி அப்போது வாஷிங்டன் இல்லை, மாஸ்கோ.

அமெரிக்காவோடு போர் நடந்தவரை வியட்நாம் இரண்டு பேரிடமும் உதவி வாங்கிச் சமாளித்தது. போர் முடிந்ததும் இரண்டு பேரும் "நீ யார் பக்கம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கம்போடியாவுக்கு ஆயுதமும் ஆலோசகர்களும் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தன. வடக்கே சீனா, தென்மேற்கே சீனாவின் நண்பன் என்று ஹனோய் கணக்குப் போட்டது. 1978 ஜூனில் சோவியத் முகாமின் பொருளாதார அமைப்பான கோமெகானில் சேர்ந்தது. சில நாட்களிலேயே சீனா மிச்சமிருந்த உதவிகளையும் நிறுத்தியது. அதே ஆண்டில் தெற்கு வியட்நாமில் தனியார் வணிகம் தடைசெய்யப்பட, அதில் பெரும்பகுதியை நடத்திவந்த சீன வம்சாவளியினர் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். பெய்ஜிங்கின் கோபத்துக்கு அது இன்னொரு காரணமானது.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இந்த இடத்தில் இருக்கிறது. 1978 இலையுதிர் காலத்தில் வியட்நாம் அமெரிக்காவுடன் உறவைச் சீர்செய்யப் பேசிக்கொண்டிருந்தது. போர் இழப்பீடு தந்தால்தான் உறவு என்று அதுவரை பிடிவாதம் பிடித்த ஹனோய் அதைக்கூட விட்டுக்கொடுத்தது. அப்போது சீனாவுடன் உறவை முழுமையாக்கும் வேலையில் இருந்த வாஷிங்டன், வியட்நாமைத் தள்ளிப்போட்டது. சோவியத்துக்கு எதிராகச் சீனா கிடைக்கிறதென்றால், நேற்றுத் தன்னைத் தோற்கடித்த சிறிய நாட்டுடன் அவசரம் என்ன? அந்தப் பேச்சு கைகூடியிருந்தால் போர் நின்றிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஹனோய்க்கு வேறு வழி ஒன்று இருந்திருக்கும். அது அடைபட்ட பிறகு மாஸ்கோ மட்டும்தான் மிச்சம்.

1978 நவம்பர் 3 அன்று மாஸ்கோவில் சோவியத்–வியட்நாம் நட்பு, ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் ஆறாவது பிரிவுதான் விஷயமே. இரு நாடுகளில் ஒன்று தாக்கப்பட்டாலோ, தாக்கப்படும் அபாயம் வந்தாலோ இருவரும் உடனே கலந்து பேச வேண்டும். அந்த அபாயத்தை நீக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். நமக்கு இது பழக்கமான வாசகம். 1971 ஆகஸ்ட் 9 அன்று இந்தியாவும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. படை அனுப்புவோம் என்ற வார்த்தை இரண்டிலும் இல்லை. ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்று அறிவிக்கும் நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில்கூட, என்ன செய்வது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்ள இடம் விட்டிருக்கிறார்கள்.

ஏன் இப்படி மழுப்பலாக எழுதுகிறார்கள்? பெரிய நாட்டுக்குச் சிறிய நாட்டின் சண்டையில் தலையைக் கொடுக்க விருப்பமில்லை. ஆனால் எதிரிக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்க வேண்டும், "ஒருவேளை வந்துவிடுவானோ?" என்று. ஹனோய்க்கு அந்தச் சந்தேகமே போதுமானதாக இருந்தது. சீனாவை அது தடுத்து வைக்கும், அதற்குள் போல் பாட் கணக்கை முடித்துவிடலாம் என்று துணிந்தது. பெய்ஜிங்கோ அதே பிரிவை வேறு மாதிரிப் படித்தது. வடக்கே சோவியத், தெற்கேயும் இனி சோவியத். வரப்புத் தகராறில் ஒருவன் ஊர்ப் பெரிய மனிதரைத் துணைக்குக் கூட்டி வந்தால், அவர் சமாதானம் பேச வந்தாரா அடிக்க வந்தாரா என்று எதிராளி நிதானமாக விசாரிப்பதில்லை. அவனும் ஆளைத் தேடிப் போகிறான். சீனத் தலைவர் தெங் சியாவோபிங் வாஷிங்டனுக்குப் போனார்.

1978 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவும் சீனாவும் முழு ராஜீய உறவை அறிவித்தன. பத்தே நாளில், டிசம்பர் 25 அன்று, வியட்நாம் படைகள் முழு வீச்சில் கம்போடியாவுக்குள் நுழைந்தன. ஜனவரி 7 அன்று நோம் பென் வீழ்ந்தது. நகரில் ஒரு பழைய பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர்கள் கண்டது துவோல் ஸ்லெங் சித்திரவதைச் சிறையை. வகுப்பறை, இரும்புக் கட்டில், விலங்கு, கட்டிலிலேயே கொல்லப்பட்ட உடல்கள். மூன்றே முக்கால் ஆண்டுகளில் கம்போடியாவில் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை மாண்டிருந்தார்கள். மொத்த மக்கள்தொகையே 80 லட்சத்தை ஒட்டித்தான்.

ஜனவரி இறுதியில் அமெரிக்கா சென்ற தெங், வியட்நாமுக்குப் பாடம் புகட்டப் போவதாக அதிபர் கார்ட்டரிடம் நேரிலேயே சொன்னார். கார்ட்டர் நிதானம் காக்கும்படி கைப்பட எழுதிக் கொடுத்தார். ஆனால் உறவை முறித்துக்கொள்வோம் என்று எச்சரிக்கவில்லை. தெங்குக்கு அது போதும். பிப்ரவரி 17 அன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் படையினர் வியட்நாமின் வடக்கு எல்லையைக் கடந்தார்கள். அப்போது நம் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் சீனாவில் இருந்தார். 1962க்குப் பின் முறிந்த உறவை ஒட்டவைக்கப் போனவர், பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார்.

போரின் போக்கை விவரிக்க வேண்டியதில்லை. லாங் சோன், காவ் பாங், லாவோ காய் ஆகிய ஊர்களைச் சீனா பிடித்தது, கட்டடங்களையும் பாலங்களையும் தகர்த்தது, மார்ச் 16க்குள் வெளியேறியது. இறந்தவர்கள் எண்ணிக்கையில் இரு அரசுகளின் கணக்கும் ஒத்துப்போவதே இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது சீனா எதைச் செய்யவில்லை என்பது. விமானப் படையை இறக்கவில்லை. ஹனோயை நோக்கிப் போகவில்லை. சில வாரங்களிலேயே முடித்துக்கொண்டது. மாஸ்கோ தலையிட்டே தீர வேண்டிய கட்டாயம் எந்தக் கோட்டில் வருமென்று கணித்து, அதற்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டது. மாஸ்கோ கப்பல்களை அனுப்பியது, ஆயுதங்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது, கண்டனம் செய்தது; சீன எல்லையைத் தாண்டவில்லை. 1950இல் போட்ட அந்த 30 ஆண்டு ஒப்பந்தத்தின்படி பார்த்தால், சோவியத்தின் கூட்டாளி மீது சீனா பாய்ந்த அன்று அவ்விரண்டும் இன்னும் காகிதத்தில் நட்பு நாடுகள்தான்.

ஆறாவது பிரிவு வேலை செய்ததா என்றால், சீனா வருவதை அது தடுக்கவில்லை. சீனா எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு எல்லை போட்டது. அதற்கு ஹனோய் கொடுத்த விலை அதிகம்: காம் ரான் விரிகுடாவில் சோவியத் கடற்படைக்குத் தளம், பல ஆண்டு தனிமை, கம்போடியாவில் பத்தாண்டுப் படை.

பிறகு நடந்ததை இன்றும் என்னால் ஆத்திரமில்லாமல் சொல்ல முடியவில்லை. ஐநா சபையில் கம்போடியாவின் இருக்கை, விரட்டப்பட்ட கெமர் ரூஜ் அரசிடமே விடப்பட்டது. சீனா, அமெரிக்கா, ஆசியான் நாடுகள் ஆதரித்து வாக்களித்தன. அந்த ராஜதந்திரத்தில் முன்னணியில் நின்றது சிங்கப்பூர். அதன் வெளியுறவு அமைச்சர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம், 1980இல் அவருக்கு அடுத்து வந்த எஸ். தனபாலனும் தமிழர். அவர்களுடைய வாதம் இன்றும் கனமானது: அண்டை நாட்டு அரசு எவ்வளவு கொடியதானாலும் பெரிய நாடு படை அனுப்பி அதை மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளை எந்தச் சிறிய நாடு பத்திரமாக இருக்கும்? குட்டித் தீவு நாட்டுக்காரர் அப்படிக் கேட்பது நியாயம். ஆனால் அந்த நியாயத்தின் பலன் துவோல் ஸ்லெங்கை நடத்தியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இருக்கையைக் காலியாக விடும் வழி இருந்தது. 1979 ஹவானா அணிசேரா மாநாட்டில் அப்படித்தான் விட்டார்கள். ஐநாவில் அதையாவது செய்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. 1980 ஜூலையில் ஹெங் சம்ரின் அரசை இந்தியா அங்கீகரித்தபோது, சோவியத் முகாமுக்கு வெளியே அப்படிச் செய்த நாடுகள் மிகச் சில.

தாய்லாந்து எல்லை முகாம்களில் கெமர் ரூஜ் மறுபடி தெம்பு பெற்றது. ஆயுதம் சீனாவிலிருந்து வந்தது. எண்பதுகள் முழுக்கக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. கால் இழந்த கம்போடிய விவசாயிகள் ஆயிரக்கணக்கில். சண்டை முடிந்தது உள்ளூர்க்காரர்கள் சமாதானமாகிவிட்டதால் இல்லை. மேலே காற்று மாறியது. சோவியத் தலைவர் கோர்பச்சேவுடன் சமாதானமாகப் போக சீனா கேட்ட நிபந்தனைகளில் ஒன்று, வியட்நாம் கம்போடியாவை விட்டு வெளியேற வேண்டும் என்பது. 1989 மே மாதம் அவர் பெய்ஜிங் போனார். செப்டம்பரில் கடைசி வியட்நாம் படைகள் கம்போடியாவிலிருந்து கிளம்பின. 1991 அக்டோபர் 23 அன்று பாரிஸில் அமைதி உடன்பாடு. நவம்பரில் வியட்நாமும் சீனாவும் கைகுலுக்கின. டிசம்பரில், வியட்நாமுக்கு 25 ஆண்டுக்கு நட்பு எழுதிக் கொடுத்த சோவியத் யூனியன் என்ற நாடே இல்லாமல் போனது.

காம் ரானிலிருந்து கடைசி ரஷ்யர்கள் 2002இல் வெளியேறினார்கள். வியட்நாம் 2019இல் வெளியிட்ட பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில் நான்கு "கூடாது"கள் உள்ளன: ராணுவக் கூட்டணி கூடாது, ஒரு நாட்டை எதிர்க்க இன்னொரு நாட்டோடு சேரக் கூடாது, அந்நியத் தளம் தன் மண்ணில் கூடாது, பிறர் மீது படைபலத்தைப் பயன்படுத்துவதோ அதைக் காட்டி மிரட்டுவதோ கூடாது. தென்சீனக் கடலில் இன்றும் சீனாவோடு தகராறு இருக்கிறது, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் விருந்தாளியாக வந்து போகின்றன. ஆனாலும் யாரோடும் ஓர் ஆறாவது பிரிவை எழுதிக்கொள்ள ஹனோய் இதுவரை சம்மதிக்கவில்லை.