ஏரி வெட்டலாம், ஊர் கட்டலாம்... ஜெயிக்க மட்டும் முடியாது! ரம்மிக்குப் பயப்படும் பெற்றோருக்குத் தெரியாத இன்னொரு கேம் உலகம்

``ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்ல என்னடா பண்ற... ரம்மியா?''

தமிழ்நாட்டில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்ததால்தான், 2022-ல் தமிழகச் சட்டமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதாவை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமும் நிறைவேற்றியது.

ஆனால், கம்ப்யூட்டர் கேம்கள் எல்லாமே சூதாட்டம் இல்லை. பந்தயம் வைக்காமல், ஒரு கதையையோ ஊரையோ நாமே உருவாக்கும் கேம்களும் இருக்கின்றன. அவற்றில் இரண்டு வகை பிரபலம்.

வீடு கட்டும் இடத்தில் கொட்டிய மணலைக் கண்டதும் குழந்தைகள் என்ன செய்வார்கள்? குகை குடைவார்கள், கோயில் கட்டுவார்கள். யாரும் இலக்கு கொடுப்பதில்லை. அதுதான் `சாண்ட்பாக்ஸ்'. இன்னொன்று `ரோல் பிளேயிங்'. வீரனாகவோ வைத்தியராகவோ ஒரு வேடம் ஏற்று, அந்தப் பாத்திரமாகவே முடிவுகளை எடுப்பது. 1974-ல் அமெரிக்காவில் பேப்பரும் பகடையுமாக வெளிவந்த `டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு முன்னோடி.

முதல் ராத்திரி, முதல் தோல்வி

உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் மானாம்பதியில், ஒரு பிளஸ் ஒன் மாணவர் `மைன்கிராஃப்ட்' ஆட முதல்முறையாக உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

கட்டம் கட்டமாக ஒரு காடு. கையில் எதுவும் இல்லை. மரத்தை வெட்டி, பலகையாக்கி, அதில் கருவி செய்ய வேண்டும். அங்கே ஒரு பகல் என்பது நம் கடிகாரத்தில் பத்தே நிமிடம். `அடுத்து என்ன செய்வது' என்று யோசிப்பதற்குள் இருட்டிவிடும். ஸாம்பிகள் வரும். முதல் ராத்திரியைப் பலரும் மண்ணைக் குடைந்து, உள்ளே ஒளிந்துகொண்டுதான் கழிக்கிறார்கள். கஷ்டப்பட்டுக் கட்டிய சுவரைச் சத்தமில்லாமல் வந்து வெடிக்கும் பச்சை நிற `க்ரீப்பர்' ஒரே நொடியில் தகர்த்துவிடும். திரும்பக் கட்ட வேண்டியதுதான்.

நான்கைந்து நாள்களில் பயம் போய், பசி பெரிய பிரச்னையாகும். புல்லைப் பிடுங்கினால் கோதுமை விதை கிடைக்கும். ஆனால், வயல் ஈரமாக இருக்க, நான்கு கட்டத் தொலைவுக்குள் தண்ணீர் இருக்க வேண்டும். ஊற்றிலிருந்து புறப்படும் தண்ணீரோ சமதரையில் ஏழு கட்டம்தான் ஓடும். எங்கே வாய்க்கால் வெட்டுவது, எங்கே மடை வைப்பது என்று யோசிக்காமல் விளைச்சல் எடுக்க முடியாது. வயலில் குதித்தால் பயிர் போய்விடும். ஏரிப் பாசன ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு கைவந்த கலை!

சண்டை வந்தால் சட்டம் வரும்

நண்பர்கள் சேர்ந்து ஒரே உலகத்தில் ஆடும்போதுதான் நிஜமான சிக்கல் ஆரம்பிக்கும். ``என் பெட்டியிலிருந்து இரும்பை எடுத்தது யாரு?'', ``என் வீட்டுச் சுவரை ஏன் இடிச்சே?'' இந்தச் சண்டைகளைத் தீர்க்க விளையாட்டில் நடுவர் கிடையாது. ஆடுபவர்களே உட்கார்ந்து விதி எழுத வேண்டும்.

பக்கத்து ஊரான உத்திரமேரூர் இதைக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் உறுப்பினர்கள் தேர்வு. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் போட்டிக்கு வர முடியாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் தந்த சபை அது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும், `பொதுச் சொத்தைக் கையாள விதி வேண்டும்' என்ற அந்தப் பாடத்துக்குத்தான் பிள்ளைகளும் தங்கள் பெட்டிச் சண்டை வழியாக வந்து சேர்கிறார்கள்.

இதே கேமை நிஜ ஊர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஐ.நா-வின் குடியிருப்பு அமைப்பும் மைன்கிராஃப்ட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமும் 2012-ல் `பிளாக் பை பிளாக்' என்ற திட்டத்தைத் தொடங்கின. தங்கள் பகுதி மைதானமும் பூங்காவும் எப்படி இருக்க வேண்டும் என்பதை மக்களே திரையில் கட்டிக் காட்டலாம். கென்யாவின் கிபேரா குடிசைப் பகுதியிலும், ஹைதியின் கடலோர ஊரான லெ கேயிலும் இது நடந்தது. வரைபடம் படிக்கத் தெரியாதவர்களும் கட்டத்தை அடுக்கித் தங்கள் யோசனையைச் சொல்ல முடிந்தது.

அப்பாவுக்குத் தெரியாத நண்பர்கள்

ரோல் பிளேயிங் கேமின் ஆழம் புரிய, நார்வேயின் மாட்ஸ் ஸ்டீனைத் தெரிந்துகொள்ள வேண்டும். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷேன் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி `வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமில் பல ஆயிரம் மணி நேரம் கழித்தார். மகன் நட்பே இல்லாமல் வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றோர் வருந்தினார்கள். 2014-ல், 25 வயதில் மாட்ஸ் இறந்தபோது, அவருடைய வலைப்பக்கத்தில் அந்தச் செய்தியை எழுதினார்கள். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அந்த உலகத்தில் அவர் பெயர் இபெலின். பலருக்கு ஆறுதலாக, யோசனை சொல்பவராக இருந்திருக்கிறார். சில நண்பர்கள் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024-ல் வெளிவந்த ஆவணப்படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

எல்லை எங்கே?

இதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்க வேண்டும் என்பதில்லை. முடிவே இல்லாத விளையாட்டில் `போதும்' என்று நாம்தான் சொல்ல வேண்டும். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பாதிப்பு தெரிந்த பிறகும் நிறுத்த முடியாமல் ஆடுவதை, உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது பெயர், போன் நம்பர், பள்ளி விவரம் எதையும் பகிரக் கூடாது.

மைன்கிராஃப்ட்டை வாங்கப் பணம் வேண்டும். பழைய லேப்டாப்பும் காலி பர்ஸும்தான் இருக்கிறதா? `லுவான்டி'யை முயற்சி செய்யலாம். `மைன்டெஸ்ட்' என்ற பெயரில் இருந்து, 2024-ல் பெயர் மாறிய இலவச மென்பொருள் இது. அதற்குள் `வாக்ஸெல்லிப்ரே' என்ற விளையாட்டை இறக்கிக்கொண்டால், மைன்கிராஃப்ட் போலவே ஆடலாம். தனியாக ஆட அதன்பின் நெட் தேவையில்லை. வேடமேற்றுப் போரிட விரும்பினால், கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் `பேட்டில் ஃபார் வெஸ்நாத்' இருக்கிறது. முதல் அத்தியாயத்திலிருந்து வளர்த்த வில்வீரன் இறந்தால், அடுத்த அத்தியாயத்தில் வர மாட்டான். ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டும்.

அடுத்த முறை பத்து மணிக்கு லேப்டாப் வெளிச்சம் தெரிந்தால், ``ரம்மியா?'' என்பதற்குப் பதில், ``என்ன கட்டியிருக்கே, காட்டு'' என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால், பிள்ளை ஆடுவது சூதாட்டமா, வாய்க்கால் வெட்டும் வேலையா என்பது தெரிந்துவிடும். லேப்டாப்பை மூடச் சொல்வதும் அதன்பிறகு சுலபம்!