ஸ்டார்டர் பெட்டிக்குள் ஒரு வானொலி

கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளக் காடுகளில் மோட்டார் போட நள்ளிரவில் டார்ச் லைட்டோடு நடந்தவர்கள் பலர், இப்போது படுத்த இடத்திலிருந்தே கைபேசியில் ஓர் அழைப்பு விடுகிறார்கள். கிணற்றடியில் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் தரும் இத்தகைய பம்புசெட் கருவி ஒன்றின் மூடியைத் திறந்தால், ரிலேக்களுக்கு நடுவே தபால்தலை அளவில் தகரம் போர்த்திய ஒரு சின்னப் பலகை தெரியும். அதன் ஓரங்களிலும் தபால்தலையைப் போலவே அரைவட்டப் பற்கள். அந்தப் பற்களில் ஈயம் வைத்துத்தான் பெரிய போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். இதற்குப் பெயர் மாட்யூல். டவரோடு பேசும் வேலை முழுவதும் அந்தத் தகரத்துக்குள் அடக்கம். செல்போன் மாட்யூலைச் சொந்தமாக வரையலாம் என்று சிறு தயாரிப்பாளர் யாரும் நினைப்பதில்லை. அது அவ்வளவு சிக்கலானது. கல்வராயன் மலைக்கு ஏறினால்தான் கேள்வி எழுகிறது.

சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. முகடுகளுக்கு இடையே பள்ளங்களில் கிடக்கும் ஊர்களில் செல்போன் சிக்னலை நம்பி ஒரு கருவியை வைக்க முடியாது. கோமுகி அணைக்கு வந்து சேரும் ஓடைகளில் நீர்மட்டத்தையோ, வெள்ளிமலைப் பக்கம் பெய்யும் மழையையோ அளந்து கீழே அனுப்ப வேண்டுமென்றால், கைக்குக் கிடைக்கும் நல்ல வழி லோரா என்னும் குறைந்த மின்சக்தி ரேடியோ. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை, சக்தி வரம்புக்கு உட்பட்டு, உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு 2005-இல் அனுமதித்தது. இதற்கான சிப் சில்லறையாகவே கிடைக்கும். மாட்யூலுக்கு ஏன் கூடுதல் காசு, சிப்பை வாங்கி நாமே போர்டில் வைத்தால் என்ன என்று இங்கேதான் தோன்றும். வேண்டாம் என்பது என் கருத்து. ரேடியோவை வாங்குவோம், அதைச் சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றையும் நாமே வரைவோம்.

காரணம், அந்த அதிர்வெண்ணில் செம்புக் கோடு வெறும் கம்பியாக நடந்துகொள்வதில்லை. 865 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். சிப்பிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோட்டுக்கு 50 ஓம் மின்மறுப்பு வேண்டும், 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண இரண்டடுக்குப் போர்டில் அதற்குக் கோட்டின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். போர்டு செய்யும் பட்டறை மாறினால் பொருளின் தன்மையும் மாறும், கணக்கும் மாறும். இதைவிடப் பெரிய சிக்கல் இரட்டிப்பு அலை. வடிகட்டும் பகுதி சரியாக அமையாவிட்டால் 865-இன் இரு மடங்கான 1,730 மெகாஹெர்ட்ஸிலும் கருவி கசியும். கைபேசிகள் டவருக்குப் பேசும் 1,710 - 1,785 வரிசைக்குள் அது போய் விழுகிறது. சிக்னலுக்காக ஏற்கெனவே மேட்டில் ஏறி நின்று பேச வேண்டிய மலையூரில் இப்படிப்பட்ட கருவியை நூறு இடத்தில் வைப்பது பெரிய தவறு. சான்றிதழ் பெறும்போது நடக்கும் சோதனை தேடுவது இந்தக் கசிவைத்தான். அதைத் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதலுக்கான வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கட்டும்.

விலைதான் முதல் ஆட்சேபம். அதில் நியாயம் இருக்கிறது, எண்ணிக்கையைப் பொறுத்து. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: சொந்த வடிவமைப்பில் ஒரு கருவிக்கு 150 ரூபாய் மிச்சம், வரைவது, சோதனைக்கூடக் கட்டணம், தவறினால் மறுபடி போர்டு அடிப்பது எல்லாம் சேர்த்து 15 லட்சம். பத்தாயிரம் கருவி விற்ற பிறகுதான் முதல் ரூபாய் கையில் நிற்கும். லட்சக்கணக்கில் மின்மீட்டர் செய்பவருக்கு இது சுலபம். ஒரு மாவட்டத்தின் ஓடைகளுக்கும் கிணறுகளுக்கும் சில நூறு கருவி செய்பவர் அந்தப் பத்தாயிரத்தை எட்டவே மாட்டார். சென்னைத் தரமணியில் உள்ள சமீர் மையம் போன்ற இடங்களில் மின்காந்தச் சோதனை வசதி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அங்கே போய் வரும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சான்று பெற்ற மாட்யூல் என்றதும் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. எந்த நாட்டுச் சான்று என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கான லோரா மாட்யூல் 902 - 928 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். அங்கே அது சட்டபூர்வம். இங்கோ 915 வரை உள்ள பகுதி, டவர்கள் கைபேசிகளின் மெல்லிய குரலைக் கேட்கக் காதைத் தீட்டி வைத்திருக்கும் இடம். இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று 915 எண்ணிட்டதை வாங்கிவிட்டால் அதன் மேலுள்ள அயல்நாட்டு முத்திரைகளால் ஒரு பயனும் இல்லை. அடுத்தது ஆன்டெனா. மாட்யூல் எந்த வகை ஆன்டெனாவோடு சோதிக்கப்பட்டதோ அதற்கே சான்று பொருந்தும். நம் ஸ்டார்டர் பெட்டியோ இரும்பு. அதற்குள் அடைத்தால் எந்த ரேடியோவும் ஊமைதான். பெட்டியில் துளையிட்டு ஆன்டெனாவை வெளியே கொண்டுவர வேண்டும், ஆளுயரக் கரும்பின் ஈரத்தோகைக்கும் மேலே தூக்கிக் கட்ட வேண்டும். இதையெல்லாம் முடிவு செய்த பிறகுதான் மாட்யூலையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பேசாமல் போகிற கருவியில் ரேடியோவைச் சந்தேகிக்கும் முன் மின்சாரம் உள்ளே வரும் வழியைப் பார்க்க வேண்டும். காண்டாக்டர் விடுபடும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல், இடி மின்னலில் லைனில் வரும் பாய்ச்சல், ஒரு ஃபேஸ் போய்விட்ட மும்முனை இணைப்பு: இவற்றைத் தாங்கும் பகுதியை எந்த வெளிநாட்டு மாட்யூலும் தராது. மலைமேல் பேட்டரியில் ஓடும் மழைமானிக்கு வேறு கவலை. ரேடியோ உறங்கும்போது சில மைக்ரோ ஆம்பியர்தான் குடிக்கும். பக்கத்தில் வைத்த மலிவான மின்னழுத்த ஐசி இரவும் பகலும் சில மில்லி ஆம்பியர் குடித்தால் பேட்டரி சில வாரத்தில் காலி. நம் பொறியாளர்களின் உழைப்பு போக வேண்டிய இடம் இது. இந்த மண்ணின் மின்சாரத்தையும் மழையையும் அறிந்தவர்கள் வரைந்தால்தான் அது சரியாக வரும்.

அப்படியானால் காலமெல்லாம் அடுத்தவர் மாட்யூலை வாங்கிக்கொண்டே இருப்பதா என்பது கனமான கேள்வி. சிப்பும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. அதைச் சொந்தமாக ஒட்டிவிட்டதால் தற்சார்பு வந்துவிடாது. ரேடியோ வடிவமைப்பைக் கற்பதற்குக் கல்லூரி ஆய்வகம் இருக்கிறது. விவசாயியின் கிணற்றடியில் அதைக் கற்கக் கூடாது. நிறுவனம் தயாரிப்பை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்குப் போர்டிலேயே விடை வைக்கலாம். ரேடியோ உட்காரும் இடத்தைத் தனியாக ஒதுக்கி, இரண்டு நிறுவனங்களின் மாட்யூலுக்கும் பொருந்துமாறு பற்களுக்கான செம்புத் திட்டுகளை இரட்டையாக வரைந்து வைத்தால் போதும். 2ஜி செல்போன் மாட்யூலோடு ஓடும் மோட்டார் கருவிகள் நாளை 4ஜிக்கு மாற வேண்டிவந்தாலும், ரிலேயையும் பெட்டியையும் தூக்கி எறியாமல் அந்தத் தபால்தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.