சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தவுடன் நிகழ்வன யாவும் நாம் அறிந்தவையே. ஊருக்குச் செய்தி போகிறது. பெரியவர்கள் கிடைத்த ரயிலில் புறப்பட்டு வருகிறார்கள். இருக்கும் ஊரிலேயே பார்ப்பதா, சென்னைக்கு அழைத்துச் செல்வதா, மும்பை பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் போவதா என்று இரண்டு நாள் ஆலோசனை நடைபெறுகிறது. இத்தனை பேச்சுக்கிடையிலும், நோயாளி இருபத்தைந்து வயதுப் பெண்ணாகவோ முப்பது வயது இளைஞராகவோ இருப்பின், ஒரு வினா மட்டும் எவர் வாயிலும் வருவதில்லை. இச்சிகிச்சைக்குப் பின் இவருக்குக் குழந்தை பிறக்குமா? உயிரைப் பற்றிய கவலை மிகுந்த வேளையில் அதைக் கேட்பது தகாது என்று கருதுகிறோம். பெரியோர் முன் பேசவும் கூசுகிறோம். ஆயினும் அதற்கு விடை தேடத்தக்க காலம், சிகிச்சை தொடங்குமுன் உள்ள சில நாட்களே.

கீமோ என்று மக்கள் சுருக்கமாக வழங்கும் மருந்துகள், விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்கி அழிப்பவை. புற்றணு எது, உடலின் சொந்த அணு எது என்று முற்றும் பகுத்தறியும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. தலைமயிர் உதிர்வது இதனாலேதான். மயிர் மீண்டும் முளைக்கும், கருமுட்டையோ முளைப்பதில்லை. பெண் குழந்தை பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்குரிய முட்டைகள் அனைத்தையும், ஏறத்தாழ 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை, சூலகத்தில் கொண்டு பிறக்கிறது. பூப்பெய்தும் பருவத்தில் சுமார் 3 லட்சமே எஞ்சுகின்றன. செலவழிந்த முதல் மீண்டும் சேர்வதில்லை. ஆண்களுக்கு விந்தணு நாள்தோறும் உற்பத்தியாகிறதெனினும், அதனைத் தோற்றுவிக்கும் மூல அணுக்கள் அழிந்துவிடின் ஊற்றே வற்றிவிடும்.

எல்லா மருந்தும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்றவை, மொத்த அளவு மிகும்போது கடுமையானவை. வேறு சில மென்மையானவை. அடிவயிற்றுக்குக் கதிர்வீச்சு தந்தால் சூலகத்தோடு கருப்பையும் கெடலாம். நோயாளியின் வயதும் கணக்கில் சேரும். ஆகவே, "கீமோ எடுத்தால் இனிக் குழந்தை இல்லை" என்னும் பேச்சும், "எல்லாம் தானே சரியாகிவிடும்" என்னும் ஆறுதலும் ஒரே அளவுக்குப் பிழையானவை. மாதவிடாய் நின்றதனால் கருவுறும் ஆற்றல் அழிந்தது என்றும் கொள்ள இயலாது. சிகிச்சைக் காலத்தில் கருத்தடை அவசியமாவது அதனாலேயே.

உயிரணுக்களை உறையவைத்துக் காக்கும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் பிறந்த பெண் குழந்தை, உறைநிலையில் வைத்திருந்து தாயின் கருப்பையில் சேர்க்கப்பட்ட கருவிலிருந்து உருவானது. அதிகாரத்திலிருந்தோர் அதை நம்ப மறுத்தனர். 1981 இல் அவர் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். உரிய மதிப்பு பல்லாண்டுகளுக்குப் பின்னரே அவருக்குக் கிட்டியது. இன்றோ, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியிலுள்ள திரவ நைட்ரஜனில் விந்தணு, கருமுட்டை, கரு ஆகிய மூன்றையும் காத்துவைக்கும் நிலையங்கள் நம் பெருநகரங்களில் உள்ளன.

ஆண்களுக்கு இது எளிய காரியம். ஓரிரு நாளில் முடிந்துவிடும். இத்தனை எளியது தவறிப்போவதற்குத் தந்தையும் மகனும் இதைப் பேசக் கூசுவதே பெருங்காரணம் என்று எண்ணுகிறோம். பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை. பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஹார்மோன் ஊசி போட்டு, பல முட்டைகளை ஒருசேர முதிரச் செய்து, மயக்க மருந்து கொடுத்து ஊசி வழியாக எடுப்பார்கள். மாதவிடாய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாளிலும் தொடங்கலாம். மார்பகப் புற்றுநோயாளருக்கு ஹார்மோன் அளவு மிகாதிருக்க லெட்ரோசோல் என்னும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. மணமானவர்கள் கருவாகவே சேமிக்கலாம். ஆனால் கரு இருவருக்கும் உரியது, முட்டை அவளுக்கே உரியது. சேமித்த முட்டை பிள்ளைக்கு உத்தரவாதமும் அன்று.

சிலருக்கு அந்த இரண்டு வாரமும் இராது. கடுமையான இரத்தப் புற்றில் சிகிச்சையைத் தள்ளிவைப்பது உயிருக்கே ஆபத்து. வேறு சிலர், ஆராய்ந்த பின்னர், வேண்டாம் என்பார்கள்: முன்னரே குழந்தைகள் உண்டு, அல்லது நகையை அடகு வைத்தே மருந்துக்குப் பணம் தேடும் நிலை. அதுவும் நேரிய முடிவே. ஆனால் நோய் பிள்ளைக்கும் வந்துவிடும் என்ற அச்சத்தால் மட்டும் மறுப்பது சரியன்று. பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவன அல்ல. பரம்பரை வகை எனின், அதற்கென உள்ள நிபுணரிடம் தனியே கேட்டறியலாம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு மருத்துவமனைப் படிவங்களைக் காணுந்தோறும் ஒரு கவலை எழுவதுண்டு. டாக்டர் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்வதை, உடன் வந்த மாமா தமிழில் சொல்கிறார். அன்பின் மிகுதியால் பாதியை விழுங்கிவிடுகிறார். "அதெல்லாம் இப்போது எதற்கு, அவள் தாங்கமாட்டாள்" என்கிறார். கையொப்பம் மட்டும் அவளுடையது. பத்தாண்டு கழித்து, தன்னை ஒருவரும் கேட்கவில்லையே என்று வருந்தப்போகிறவளும் அவளே. மாமாவைச் சிறிது நேரம் வெளியே அமரச் சொல்லி, நோயாளியிடம் தனித்துப் பேசுமாறு டாக்டரைக் கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை.

படிவத்தில் எழுதுவதும் முக்கியம். தில்லியில் ஓர் இளைஞர் 2020 இல் சிகிச்சைக்கு முன் விந்தணுவைச் சேமித்தார், அவ்வாண்டே காலமானார். பெற்றோர் கேட்டபோது மருத்துவமனை தர மறுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில். இடையில் நான்கு ஆண்டுகள் கழிந்தன. தமக்குப் பின் என்ன செய்வது என்பதை அவரவரே தெளிவாக எழுதிவைத்தல் நலம். 2021 ஆம் ஆண்டுச் சட்டம் சேமிப்புக்குப் பத்தாண்டு வரம்பு விதித்துள்ளதையும், ஆண்டுதோறும் கட்டணம் உண்டென்பதையும் நினைவிற் கொள்க. மாற்றலாகி ஊர் விட்டு ஊர் செல்லும் நம்மவர், புதிய முகவரியை நிலையத்துக்கு மறவாது எழுத வேண்டும்.

"நாளை முதல் மருந்து" என்று சொல்லப்படுமாயின், அன்றே கேட்கவேண்டியவை இரண்டு: இம்மருந்து என் கருவளத்தை எவ்வளவு பாதிக்கும்? எத்தனை நாள் தள்ளிவைத்தால் என் நோய்க்குத் தீங்கில்லை?